வாக்குப்பதிவு முடியும்வரை கண்ணாடி பழுது பார்க்கப்படாது

அந்தக் கல்லூரியில் கண்ணாடி போட்டவர்களில் பாதிப் பேருடைய பார்வை அவளுடைய கைப்பைக்குள் இருந்தது. பையின் ஓரத்தில் ஒரு தகர டப்பா. அதில் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர், எறும்புத் தலையளவுத் திருகாணிகள், மூக்கில் உட்காரும் ரப்பர் மெத்தைகள், துடைக்க ஒரு துண்டுத் துணி. இடைவேளை மணி அடித்தால் யாராவது கையில் கண்ணாடியைப் பிணம்போல ஏந்திக்கொண்டு வந்து நிற்பார்கள்.

"கண்ணாடியக்கா, இத கொஞ்சம் பாருங்களேன்."

அவள் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். "இது மேல உக்காந்தியா, உருண்டு படுத்தியா?"

"ரெண்டும்தான்க்கா."

மூன்று நிமிடத்தில் சரியாகிவிடும். கைம்மாறு எதுவும் வாங்கமாட்டாள்.

அவளுக்கு வயது இருபத்தேழு. இயற்பியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. கூடப் படிப்பவர்கள் எல்லாம் பத்தொன்பது, இருபது. பதினேழு வயதிலிருந்து ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. கல்சக்கரம் சுற்றும், தண்ணீர் சொட்டும், விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கிட்டப்பார்வை லென்ஸ் மட்டும் ஏன் ஓரத்தில் தடிமனாக இருக்கிறது என்று ஒரு நாள் முதலாளியிடம் கேட்டாள். "அது அப்படித்தான்" என்றார் அவர். 'அது அப்படித்தான்' என்ற பதிலை அவள் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோது கேட்டாள், கல்யாணத்தின்போது கேட்டாள். ஒரு துண்டுக் கண்ணாடி விஷயத்திலும் அதையே கேட்டபோது பொறுக்கவில்லை. விட்ட படிப்பைப் பிடித்து, பரீட்சை எழுதி, இருபத்தைந்து வயதில் கல்லூரி வாசலுக்குள் நுழைந்தாள். அப்போது இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

கணவன் லாரி ஓட்டுபவன். வாரத்தில் நான்கு நாள் சாலையில் இருப்பான். மீதி மூன்று நாள் வீட்டில் இருந்தால் பாத்திரம் தேய்ப்பான், பிள்ளைக்குத் தலை வாருவான். மத்தியானம் இரண்டரை மணிக்கு மேல் பக்கத்து வீட்டு டீச்சரம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்வார். அந்த நேரத்தில் இவள் கடைக்குப் போவாள். காலை பத்திலிருந்து இரண்டு வரை கல்லூரி. அந்த நான்கு மணி நேரத்தைத் தாங்கிப் பிடித்தவள் நாத்தனார். அந்த நாத்தனாருக்கு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது.

"அண்ணி, குட்டிய யாரு பாப்பாங்க? நான் வேணா வேலைக்கு வரலன்னு சொல்லிடவா?"

"போடி. உன் பொழப்ப விட்டுட்டு என் பிள்ளைய மேய்க்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? செருப்ப மாட்டு, கிளம்பு."

சொல்லிவிட்டாள். மறுநாள் குட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

முதல் நாள் ஆளாளுக்குக் கொஞ்சினார்கள். இரண்டாம் நாள் குட்டி ஆசிரியரின் சாக்பீஸைக் கேட்டு அழுதாள். நான்காம் நாள் சோதனைக்கூடத்தில் ஒளி விலகும் கோணத்தை எல்லோரும் மூச்சைப் பிடித்து அளந்துகொண்டிருக்கும்போது "அம்மா, கக்கா" என்று அறிவித்தாள். அடுத்த வாரம் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாத முடிவிலிருந்து குழந்தைகளை வகுப்புக்கு அழைத்து வரக்கூடாது. வருகை நூற்றுக்கு எழுபத்தைந்து இல்லாதவர்கள் பரீட்சை எழுத முடியாது. அவளுடைய வருகை எழுபத்தெட்டு. இன்னும் எட்டு, பத்து நாள் வராவிட்டால் கணக்கு முடிந்தது.

"என்ன செய்யறதுங்கறது உங்க இஷ்டம்மா" என்றார் துறைத் தலைவர். கனிவாகத்தான் சொன்னார்.

இந்த 'உங்க இஷ்டம்' என்பது ஒரு நேர்த்தியான ஆயுதம். அந்தக் கல்லூரி எந்தத் தாயையும் வெளியே தள்ளியதில்லை. அப்படி ஒரு உத்தரவை எந்தக் கோப்பிலும் காட்ட முடியாது. ஆனால் கடந்த நான்கு ஆண்டுகளில் கைக்குழந்தையோடு படிக்க வந்த மூன்று பெண்கள் தங்கள் 'இஷ்டப்படி' காணாமல் போயிருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர்மேல் ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசற்படியை மட்டும் ஆளுயரத்துக்குக் கட்டிவிட்டால் யாரையும் தடுக்கவில்லை என்று சத்தியமே செய்யலாம்.

கடிதத்தை மடித்து டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு அவள் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். எதிரே மாணவர் மன்றத்தின் விளையாட்டு அறை. பெரிய ஜன்னல், சிமெண்டுத் தரை, பக்கத்திலேயே கழிப்பறை. மூன்று கேரம் பலகைகளும் ஒரு கோப்பை அலமாரியும் அந்த அறையை ஆண்டுகொண்டிருந்தன. காலையில் அங்கே ஈ, காக்கை கிடையாது. மத்தியானத்துக்கு மேல்தான் ஆட்டம் களைகட்டும். ஆனாலும் காலையில் அது பூட்டியே இருக்கும்.

"அந்த ரூம் யாரோடது?" என்று கேட்டாள்.

"மன்றத்தோடது. நம்மளோடதுதான்க்கா" என்றான் பக்கத்தில் இருந்த ஒருவன்.

நம்முடையது என்றால் நாம் கேட்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. மன்றத்து விதிப் புத்தகத்தைத் தேடினாள். பதினாறு பக்கம். அலமாரிக்கு அடியில் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள். எடுத்துத் தூசி தட்டிப் படித்தாள். ஒன்பதாம் விதியில் இருந்தது: மன்றத்தின் சொந்த விஷயம் எதையும் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம், முடிவு மன்றத்தைக் கட்டுப்படுத்தும்.

தேர்தல் அலுவலராக இருந்தது சட்டம் படிக்கும் ஒரு ஒல்லிப் பெண். வாயைத் திறந்தால் விதி எண்தான் வரும் என்பதால் எல்லோரும் அவளை 'விதி ஒன்பது' என்றே கூப்பிட்டார்கள்.

"பத்துல ஒரு பங்கு உறுப்பினர் கையெழுத்து வேணும்க்கா. ஆயிரத்து நூத்தி நாப்பது பேர் இருக்காங்க. அப்போ நூத்தி பதினாலு. அப்புறம் கேள்வி. வேணும், வேண்டாம்னு பதில் சொல்ற மாதிரி ஒரே கேள்வியா இருக்கணும்."

கண்ணாடியக்கா ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். விதி ஒன்பது சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"'மூன்று பெண்கள் படிப்பை விட்டுப் போன அநியாயத்தைக் கருதி' - இது போகணும். 'பாவப்பட்ட குழந்தைகளுக்காக' - இதுவும்."

"அது உண்மைதானேம்மா?"

"உண்மைதான்க்கா. ஆனா கேள்வி அழக்கூடாது. அழறது, கத்துறது எல்லாம் நோட்டீஸ்ல வெச்சுக்கங்க. ஓட்டுச் சீட்டு ரெண்டு பக்கத்துக்கும் பொது."

கடைசியில் மிஞ்சியது ஒரே வரி: 'தரைத்தள விளையாட்டு அறையை மாணவர்களின் சிறு குழந்தைகளுக்கான அறையாக மாற்றி, விளையாட்டை மாடி அறைக்குக் கொண்டு செல்லலாமா?'

நூற்று முப்பத்தொரு கையெழுத்து சேர்ந்தது. பதிவெண் எழுதாத பன்னிரண்டை விதி ஒன்பது அடித்துவிட்டாள். நூற்றுப் பத்தொன்பது தேறியது. பத்து நாள் அறிவிப்பு, நோட்டீஸ் ஒட்ட இரு தரப்புக்கும் ஒரே அளவு சுவர், ஒரு பொதுக்கூட்டம், பிறகு வாக்குப்பதிவு.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் விதி ஒன்பது. "மூணுல ஒரு பங்கு பேராவது ஓட்டுப் போடணும். முன்னூத்தி எம்பது. ஒண்ணு கொறைஞ்சாலும் செல்லாது. திரும்ப ரெண்டு வருஷத்துக்கு இந்தக் கேள்வியக் கேக்க முடியாது."

ரெண்டு வருஷம். குட்டி பள்ளிக்கூடத்துக்கே போய்விடுவாள். அம்மா பெயர்மேல் சிவப்புக் கோடு காய்ந்து போயிருக்கும்.

"அப்புறம்க்கா... பதினோராம் விதி. கேள்வியக் கொண்டு வந்தவங்க, முடியற வரைக்கும், வாக்காளருக்குத் தீனி, பரிசு, சேவை எதுவும் குடுக்கக் கூடாது. கண்ணாடி ரிப்பேர் பண்றது சேவை."

"மூக்கு மெத்தை கூடவா?"

"மூக்கு மெத்தையும்தான்."

மறுநாள் அவள் உட்காரும் பெஞ்சுக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது: 'வாக்குப்பதிவு முடியும்வரை கண்ணாடி பழுது பார்க்கப்படாது.'

அந்தப் பத்து நாளும் கல்லூரி கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. ஒருவன் கண்ணாடிக் கம்பியை நூலால் கட்டியிருந்தான். ஒருத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். ஒருவன் தீக்குச்சியைச் செருகிக்கொண்டு திரும்பும்போதெல்லாம் பக்கத்து ஆளைக் குத்தினான். "ஏண்டா இப்படி?" என்று வெளியாள் கேட்டால் வாக்கெடுப்புக் கதையை முழுக்கச் சொல்லித்தான் ஆகவேண்டும். சுவரொட்டி செய்ய முடியாத வேலையை உடைந்த கண்ணாடிகள் செய்தன.

எதிர்த்தரப்பில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் மன்றத்தின் செயலாளர். சலவை மடிப்புக் கலையாத சட்டை, கலையாத பேச்சு. இன்னொருவன் கேரம் அணியின் தலைவன். 'ஸ்ட்ரைக்கர்' என்று பெயர். குரல் பெரிது, மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஆறாம் நாள் அவன் தன் கண்ணாடிமேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, எதிரிக்குமா ரிப்பேர் கிடையாது? எதிரிக்குப் பண்ணா அது லஞ்சம் ஆகாதே!"

"எதிரிக்குப் பண்ணாதான் தம்பி பெரிய லஞ்சம். போ, நூல் கட்டிக்க."

பொதுக்கூட்டத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம். செயலாளர் எழுந்தார். "தாய்மை தெய்வீகமானது. தாயை நாம் வணங்குகிறோம். ஆனால் கல்லூரி அதற்கான இடமா?" என்று உருகினார். கைதட்டல் விழுந்தது. பெண்ணைத் தெய்வமாக்குவதில் ஒரு வசதி உண்டு. தெய்வம் நாற்காலி கேட்காது, கழிப்பறை கேட்காது, பட்டம் கேட்கவே கேட்காது.

கண்ணாடியக்கா இடுப்பில் குட்டியோடு எழுந்தாள். "தெய்வம்னு சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க. தெய்வத்துக்குன்னா பெரிய கோயிலா கட்டணும். அவ்வளவு செலவு வேண்டாம், எனக்கு ஒரு ரூம் போதும்" என்றாள். கூடம் அதிர்ந்தது. குட்டியும் காரணம் தெரியாமல் சிரித்தாள்.

ஸ்ட்ரைக்கர் நூல் கட்டிய கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பேசினான். "எனக்கு தெய்வமெல்லாம் தெரியாதுங்க. மாடி ரூம்ல ஒரே ஒரு பல்பு, அதுவும் கதவுகிட்ட. ஜன்னலத் தொறந்தா எதிர்ச் சுவரு. போர்டுல என் கை நிழல்தான் விழும். எனக்குக் கண்ணு பவர் மைனஸ் ஆறு. அங்க போனா என் ஆட்டம் முடிஞ்சுது. அதான் வேண்டாங்கறேன்."

அந்த மைனஸ் ஆறைத் தேய்த்துக் கொடுத்ததே அவள்தான். மீண்டும் எழுந்தாள், அவளுக்கு இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது.

"தம்பி சொன்னது நிஜம். நான் மாடில போய்ப் பாத்தேன். வெளிச்சம் பத்தாது. வேண்டாம்னு போட அவருக்கு ஒரு காரணம் இருக்கு. வேணும்னு கேக்க எனக்கும் ஒரு காரணம் இருக்கு. அதுக்கு ரெண்டரை வயசு. ரெண்டையும் வெச்சுப் பாத்து நீங்களே போடுங்க."

"எதிர்க்கட்சிக்கு ஓட்டுக் கேக்கறீங்களேக்கா" என்று தோழி தலையில் அடித்துக்கொண்டாள்.

கூட்டம் கலையும்போது செயலாளர் தன் ஆட்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது. "வேண்டாம்னு போடப் போகாதீங்க. ஓட்டே போடாதீங்க. முன்னூத்தி எம்பது தேறாது. தன்னால செத்துடும்." எதிர்த்து வாதாடித் தோற்கடிப்பதைவிட வீட்டில் இருந்தே கொன்றுவிடுவது சுலபம் அல்லவா?

வாக்குப்பதிவு நாள். விளையாட்டு அறைக்கு வெளியே மேசை, பெட்டி, மறைப்புத் தட்டி, விரலுக்கு வைக்க மை. பத்தடி தள்ளித் தரையில் சாக்பீஸ் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் கேள்வி கொண்டுவந்தவள் உட்காரலாம். அவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். தன் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தபோது குட்டி தன் விரலையும் நீட்டினாள்.

"உறுப்பினருக்கு மட்டும்தான்" என்றாள் விதி ஒன்பது, குழந்தையின் கண்ணைப் பார்த்து. குட்டி ஒரு பாட்டம் அழுதாள்.

மணிக்கொருமுறை கரும்பலகையில் எண்ணிக்கை ஏறியது. பத்து மணிக்கு நாற்பத்தொன்று. பன்னிரண்டுக்கு நூற்று எழுபது. மூன்று மணிக்கு முன்னூற்று ஒன்பது. அப்புறம் வரிசை தேய்ந்தது. நான்கு மணிக்கு விதி ஒன்பது எழுதியது முன்னூற்று நாற்பத்தாறு. நாலேகாலுக்கு ஐம்பத்திரண்டு. அதோடு ஆள் நின்றுபோனது. கணவன் எங்கோ சாலையோரம் லாரியை நிறுத்திவிட்டுப் போன் செய்தான்.

"எவ்வளவாச்சு?"

"இன்னும் இருபத்தெட்டு."

"வந்துரும்."

"வராதுங்க. வராதுபோல இருக்கு."

"சரி விடு. வரலன்னா நான் லாரிய விட்டுட்டு ஊருக்குள்ள ஏதாவது ஓட்டறேன். நீ நிறுத்தாத."

அவன் எந்தச் சம்பளத்தை விட்டுவிட்டுப் பேசுகிறான் என்று அவளுக்குத் தெரியும். "சாப்பிட்டுட்டு வண்டிய எடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். குட்டி மடியில் தூங்கிவிட்டிருந்தாள்.

அறைக்கதவு திறந்தது. ஸ்ட்ரைக்கர் வெளியே வந்தான். உள்ளே அவன் அணியும் கூட்டாளிகளும் மத்தியானத்திலிருந்து ஓட்டுப் போடாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். நூல் அறுந்து அவன் கண்ணாடி இப்போது சட்டைப்பையில் இருந்தது. கரும்பலகையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான்.

"அக்கா, அதுல என்ன போட்டிருக்கு?"

அவள் விதி ஒன்பதைப் பார்த்தாள்.

"வாசிக்கலாம். கருத்து சொல்லக்கூடாது."

"முன்னூத்தி அம்பத்திரெண்டு" என்றாள்.

"வேண்டியது?"

"முன்னூத்தி எம்பது."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் நாற்பது நிமிடத்தில் அறை அவனுடையது. குழந்தையின் தொங்கும் காலைப் பார்த்தானோ, வெறும் தரையைப் பார்த்தானோ, மைனஸ் ஆறுக்கு எல்லாம் ஒன்றுதான்.

"அக்கா, எதிராளி பலகைக்கு முன்னாடி நாள் முழுக்க உக்காந்திருக்கான். நான் ஆட வராம வீட்ல படுத்துக்கிட்டு, நேரம் முடிஞ்சுது, நான் ஜெயிச்சேன்னு சொன்னா அதுக்குப் பேரு என்ன?"

"கருத்து சொல்லக்கூடாது" என்றாள் கண்ணாடியக்கா.

அவன் திரும்பிக் கதவை உதைத்துத் திறந்தான். "டேய், காய கீழ வைங்கடா. எல்லாம் வெளிய வாங்க. வேண்டாம்னு போடணும், வரிசையா வாங்க."

பத்தொன்பது பேர் வந்தார்கள். அத்தனை பேரும் வேண்டாம் என்று போடத்தான் வந்தார்கள். கேரம் அணியே வரிசையில் நிற்கிறது என்ற செய்தி உணவகம் வரைக்கும் ஓடியது. இனித் தேறாது என்று டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் குவளையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஐந்து மணிக்கு விதி ஒன்பது பெட்டியின் வாயை மூடியபோது பலகையில் முன்னூற்றுத் தொண்ணூற்றொன்று.

செயலாளரின் சட்டை முதல்முறையாக மடிப்புக் கலைந்தது. "ஏண்டா மடையா! வேண்டாம்னு ஓட்டுப் போட்டே வேணும்ங்கறத ஜெயிக்க வெச்சுட்டியேடா!"

"தெரிஞ்சேதான் போட்டேன். மனசார வேண்டாம்னுதான் குத்தினேன்" என்றான் ஸ்ட்ரைக்கர். "தோத்தா மாடிக்குப் போறேன். நீ ஏண்ணே அழற? உனக்குக் கேரமே ஆடத் தெரியாது."

எண்ணி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வேண்டும்: முன்னூற்றொன்று. வேண்டாம்: எண்பத்தாறு. செல்லாதவை: நான்கு. விதி ஒன்பது உணர்ச்சியே இல்லாமல் வாசித்தாள். வாசித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தாள். பிறகு மைப் புட்டியை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்து குட்டியின் முன்னால் உட்கார்ந்தாள்.

"வாக்குப்பதிவு நேரத்துலதான் கூடாதுன்னு விதி. இப்போ மணி ஆறேகால்." குட்டியின் சுண்டு விரலில் ஒரு பொட்டு வைத்தாள்.

கண்ணாடியக்காவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பெஞ்சுக்குப் போய் அட்டையைக் கழற்றினாள். அதற்குள் வரிசை நின்றுவிட்டது: நூல், பிளாஸ்திரி, தீக்குச்சி. அவள் கடைசியில் நின்றவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, முதல்ல நீ வா."

"நான் தோத்த கட்சிக்கா."

"நீ வாடா."

திருகாணியைப் பொருத்தி அவன் மூக்கில் மாட்டிவிட்டாள். அவன் கண்ணைக் கொட்டிக்கொண்டு சுற்றிலும் பார்த்தான்; கடைசியாகக் குட்டியைப் பார்த்தான். "ஓ, இவ்வளவு சின்னதா இருக்கு?" என்றான். "நான் இன்னும் கொஞ்சம் பெருசுன்னு நெனச்சேன்."

அந்த வார இறுதியில் அவள் மாடி அறைக்கு அளவுநாடாவோடு போனாள். லாரியிலிருந்து இறங்கிய கணவன் ஏணியில் ஏறி நின்றான். பலகைக்கு நேர்மேலே, மூன்றடி உயரத்தில், நிழல் விழாத கோணத்தில் இரண்டு விளக்குகள். எந்த இடம் என்று அவள்தான் நோட்டில் படம் போட்டுக் கணக்கிட்டிருந்தாள். ஸ்ட்ரைக்கர் கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் இடது, மாமா" என்று கத்திக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை. தரைத்தள அறையில் பாய் விரித்திருந்தது; குட்டியோடு இன்னும் இரண்டு குழந்தைகள். தாய்மார் முறை வைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. அந்த இருவரில் ஒருத்தியின் பெயர்மேல் நான்கு ஆண்டுக்கு முன்னால் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. செய்தி கேட்டுத் திரும்பி வந்திருந்தாள். குட்டி அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மை மங்கிய விரலைப் புதிய சிநேகிதிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் ஆசிரியர் பதிவேட்டைத் திறந்தார்.

"முப்பத்தேழு?"

"இருக்கேன் சார்" என்றாள். மடியில் கனம் இல்லை. இரண்டு கையும் சும்மா இருந்தன. எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் கொஞ்சம் விழித்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.